செவ்வாய்க்காட்டை நான் ஆய்வு செய்த கதை

என்னை நம்பி யாரும் செடி கொடியை ஒப்படைப்பதில்லை. சென்னையில் எங்கள் மூன்றாம் மாடி பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடி என் பொறுப்பில் இருந்தது. இப்போது தொட்டி மட்டும் இருக்கிறது. அதனால் கனடாவிலிருந்து என் மனைவியின் தம்பி ஜெரோம் கூப்பிட்டு, நம்ம காட்டை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் மச்சான் என்றபோது, வேறு யாரோ மச்சானுக்குப் போட வேண்டிய போனை எனக்குப் போட்டுவிட்டான் என்றே நினைத்தேன்.

காடு என்றதும் யானையையும் அருவியையும் கற்பனை செய்ய வேண்டாம். எரியோட்டுக்குச் சற்றுத் தள்ளி, மானாவாரி மேட்டு நிலத்தில் என் மாமனார் வளர்த்த உசிலை மரத் தோப்பு அது. மாமனார் கணக்கு வாத்தியார். எதையும் வகுக்காமல் விடமாட்டார். தோப்பையும் ஏழாக வகுத்து, திங்கள்காடு தொடங்கி ஞாயிற்றுக்காடு வரை பெயர் வைத்தார். வருடத்துக்கு ஒரு துண்டுதான் வெட்ட வேண்டும். வேரோடு அல்ல. தூரை மண்ணிலேயே விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும். உசிலை லேசில் சாகிற மரம் இல்லை. வெட்டிய தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வரிசையாக வெட்டிக்கொண்டே போய்ச் சனிக்காட்டை முடிக்கும்போது, திங்கள்காடு திரும்ப வளர்ந்து அரிவாளுக்குக் காத்திருக்கும். ஞாயிற்றுக்காட்டை மட்டும் தொடக் கூடாது. கடவுளே ஓய்வெடுத்த நாளில் மனிதனுக்கு அரிவாள் எதற்கு என்பது அவருடைய வாதம். அந்தத் துண்டில் மரங்கள் பெரிதாகி, விதை கொட்டிக்கொண்டு நிற்கின்றன.

மாமனார் போனபின் தோப்பைப் பார்த்துக்கொள்பவர் லூர்துமேரி. அதே ஊர்க்காரர், என் மனைவியைவிட இரண்டு வயது இளையவர். வெட்டிய கம்புகளைப் பாகலுக்கும் புடலைக்கும் பந்தல் போடுகிற விவசாயிகளுக்குக் கொடுப்பார். இலையைக் காயவைத்து இடித்து, தலைக்குத் தேய்க்கும் பொடியாக்கித் திண்டுக்கல் கடைகளுக்குப் போடுவார். அவருடைய பிழைப்பு அந்த ஆறு துண்டுக் காடுதான். இதற்கு எழுத்தில் எந்த ஒப்பந்தமும் கிடையாது. வாத்தியார் வாயால் சொன்னார், லூர்து செய்துகொண்டிருக்கிறார்.

இப்போது ஒருவர் தென்னை வைக்க மொத்த நிலத்தையும் குத்தகைக்குக் கேட்கிறார். ஜெரோமுக்கு இரண்டு மனம். இந்த வருடம் வெட்டிய செவ்வாய்க்காடு துளிர்த்திருந்தால், அப்பா வைத்தபடியே எல்லாம் இருக்கட்டும். துளிர்க்கவில்லை என்றால் தூர்களுக்கு வயதாகிவிட்டது என்று பொருள். ஜேசிபி விட்டுத் தோண்டிவிட்டுத் தென்னைக்குக் கொடுத்துவிடலாம். அதை லூர்துவிடமே கேட்டால் என்ன என்றேன். அவங்க துளுத்துருக்குன்னுதானே சொல்லுவாங்க என்றான். என்னை எதற்குத் தேர்ந்தெடுத்தாய் என்றும் கேட்டேன்.

"மச்சான், உங்களுக்கு இதுல ஆதாயமும் இல்ல, அறிவும் இல்ல. நடுநிலையான ஆளு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி பிலோமினா இதில் பாதியை மட்டும் தலையாட்டி ஆமோதித்தாள். எந்தப் பாதி என்று நான் கேட்கவில்லை.

முதல் நாள்.

விடிகாலை ரயிலில் திண்டுக்கல்லில் இறங்கினேன். கார்த்திகை மாதம், முந்தின நாள் பெய்த மழை பேருந்து நிலையத்தில் இன்னும் பாக்கியிருந்தது. பக்கத்திலேயே ஒரு விடுதியில் அறை கிடைத்தது. உலகத்துக்கே பூட்டுச் செய்து கொடுத்த ஊரில், என் அறைக்கதவின் தாழ்ப்பாள் விழவில்லை. கீழே போய்ச் சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் பையை ஒருமுறை பார்த்துவிட்டு, யாரும் எடுக்கமாட்டார்கள் என்று உறுதி கொடுத்தார். அதில் ஆறுதல் எவ்வளவு, அவமானம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை.

சென்னையில் பிரியாணி என்பது ஒரு முடிவு. நண்பர்களைக் கலந்து, கடைகளின் மதிப்பெண்களைப் போனில் ஒப்பிட்டு, மறுநாள் வருந்துவதோடு சேர்த்துத் திட்டமிட வேண்டும். இங்கே பதினொன்றரை மணிக்கு எதிரே உட்கார்ந்த பெரியவர், கையில் மருந்துச்சீட்டோடு, டாக்டர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரு தட்டுச் சீரகச் சம்பா பிரியாணியை முடித்துவிட்டு எழுந்தார். எந்த டாக்டர் என்று கேட்டேன். இருதய டாக்டர் என்றார். நானும் அதே மன உறுதியோடு சாப்பிட்டேன்.

எரியோட்டுப் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் பூச்சந்தையில் சம்பங்கியைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். காலிச் சாக்கு மடியில் இருந்தது; பேருந்து முழுக்க அதன் மணம். எங்கே போகிறீர்கள் என்றார். காடு பார்க்க என்றேன். என்ன காடு என்றார். உசிலைக்காடு. அவர் சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வழியெங்கும் வரப்புகளில் உசிலை மரம்தான் நின்றது. "இதையவா சார் பாக்க வந்தீக, மெட்ராஸ்ல இருந்து?" என்று கேட்டுவிட்டு, என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறையாக அனுதாபப்பட்டார். அனுதாபத்தின் தொடர்ச்சியாக, இங்கே இறங்கினால் குறுக்கு வழி என்று ஒரு நிறுத்தத்தில் என்னை இறக்கியும் விட்டார். அது குறுக்கு வழிதான், அவருடைய தோட்டத்துக்கு. நான் அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்தேன்.

லூர்துவின் வீடு பூட்டியிருந்தது. (இந்தப் பூட்டு நன்றாகவே வேலை செய்தது.) பக்கத்து வீட்டில் விசாரித்தால், பொடி மூட்டையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போயிருக்கிறது என்றார்கள். நான் அவரைத் தேடித் திண்டுக்கல்லில் இருந்து வர, அவர் திண்டுக்கல்லுக்குப் போயிருக்கிறார். நடுநிலையான ஆய்வுக்கு இது நல்லதுதான் என்று தேற்றிக்கொண்டு, நானே காட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்காட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்ற துண்டுகளில் மரம் இருக்கிறது, இதில் இல்லை. இருந்தது முள். எங்கே பார்த்தாலும் கருவேல முள்ளைக் குவித்துக் குவித்து வைத்திருந்தார்கள், நெஞ்சளவு உயரத்துக்கு. ஒவ்வொரு குவியலிலும் நான்கைந்து கம்புகள் நட்டுக்கொண்டு நின்றன. காய்ந்து, வெளுத்து, பட்டை உரிந்து. ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். வறண்ட சத்தம் கேட்டது. நகத்தால் கீறினேன். பச்சை இல்லை. இன்னொன்று. அதுவும் அப்படித்தான். பத்துப் பதினைந்து கம்புகளை இப்படிச் சோதித்தேன். ஒன்றில்கூட ஓர் இலை இல்லை. என் சட்டைக் கை இரண்டு இடத்தில் கிழிந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. கடமையைச் செய்த களைப்போடு நான்கு படங்கள் எடுத்தேன்.

தோப்பில் போன் சிக்னல் பேச்சுக்கு வரும், படத்துக்கு வராது. சாலை மேட்டில் ஏறி நின்று அனுப்பிவிட்டு ஜெரோமைக் கூப்பிட்டேன். அங்கே காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் காஞ்சு போச்சு மாப்ள. ஒரு இலை இல்ல."

படத்தைப் பார்த்தேன் என்றான். நாளை மறுநாள் காலையில் ஜேசிபி வரச் சொல்லிவிடுகிறேன், செவ்வாய்க்காட்டில் ஆரம்பிக்கட்டும், லூர்து அக்காவிடம் நானே பக்குவமாகப் பேசிக்கொள்கிறேன் என்றான். குரலில் வருத்தம் இருந்தது. நானும் வருத்தமான குரலில் விடைபெற்றேன். ஆனால் உள்ளுக்குள், அரை நாளில் வேலை முடிந்ததே என்ற திருப்தி. இரவு பரோட்டா கூடுதலாக ஒன்று சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள்.

காலையில் லூர்துவின் போன். ஊருக்குள் வந்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனால் பிலோ அக்கா என்னை என்ன நினைக்கும் என்று ஆரம்பித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தே ஆக வேண்டும். ஜெரோம் இன்னும் அவரிடம் பேசவில்லை என்பது அதிலேயே தெரிந்தது. கெட்ட சேதி தெரிந்தும் தெரியாதவனைப் போல விருந்துக்குப் போவது எப்படி என்று பேருந்தில் முகத்தைப் பழக்கிக்கொண்டே போனேன்.

எரியோட்டில் எக்ஸெல் வண்டியோடு நின்றார். ஆண்பிள்ளைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டு, தலையில் துண்டு. என்னை "மாப்ள சார்" என்று கூப்பிட்டார். ஊர்ப் பெண்ணைக் கட்டியதற்கு மாப்ள, மெட்ராஸில் இருப்பதற்கு சார். வண்டியில் எனக்கு முன்னால் அவர், பின்னால் டவுனில் விற்றது போக மிச்சப் பொடி மூட்டை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூட்டை ஒரு பிடி பொடியை என் தலைமேல் ஊதியது. வீட்டில் இறங்கியபோது நான் பாசி படிந்த பாறை மாதிரி இருந்தேன். தலைக்கு நல்லது என்றார். பிறகு என் தலையைப் பார்த்து, இருக்கிற முடிக்காவது நல்லது என்று திருத்திக்கொண்டார்.

கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, கத்திரிக்காய் வெஞ்சனம், சிறுமலை வாழைப்பழம். அந்தப் பழத்தைப் பற்றிச் சென்னையில் பேசுகிறவர்கள் எல்லாம் அது கடையில் தொங்குவதை மட்டும் பார்த்தவர்கள். நான் இரண்டாவது பழத்தை உரிக்கும்போது அவர் சொன்னார், எழுந்திருங்கள், காட்டைக் காட்டுகிறேன், நேற்றுத் தனியாகப் போய் என்ன பார்த்திருப்பீர்கள் என்று. பழத்தைப் பாதி உரித்தபடியே வைத்துவிட்டு எழுந்தேன்.

செவ்வாய்க்காட்டில் அவர் ஒரு கவைக்கம்பை எடுத்து, முள் குவியல் ஒன்றை ஓரமாக நெம்பிப் பிடித்தார். எட்டிப் பாருங்கள் என்றார். தொப்பை உள்ள எவனும் முள்ளுக்குள் தானாக எட்டிப் பார்ப்பதில்லை. இப்போது பார்த்தேன்.

அது குவியல் இல்லை. வளையம். நடுவில், தரையோடு தரையாக ஒரு தூர். சரிவாக, வழவழப்பாக வெட்டியிருந்தது. அதைச் சுற்றி, புளியங்கொழுந்து போலப் பொடிப்பொடி இலையோடு, ஒரு சாண் உயரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு துளிர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

அடுத்த வளையம். அதிலும் துளிர். அதற்கடுத்ததிலும்.

அவர் பேசிக்கொண்டே போனார். ஆவணி கடைசியில் வெட்டுவது, அப்போதுதான் ஐப்பசி மழை தூருக்குக் கிடைக்கும். சரிவாக வெட்டுவது, மழைத்தண்ணீர் தேங்கித் தூர் அழுகாமல் இருக்க. "தோலுக்குள்ள மொட்டு தூங்கிக்கிட்டே கெடக்கும் மாப்ள சார். மேல மரம் நிக்கிற வரைக்கும் எந்திரிக்காது. தலைய எடுத்தா அம்புட்டும் எந்திரிச்சிரும்." எங்கள் அலுவலகத்தில் பொது மேலாளர் ஓய்வு பெற்ற அன்று இதேதான் நடந்தது. அடுத்த வருடம் இந்தப் பன்னிரண்டில் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழித்துவிடுவாராம். எந்த இரண்டை? உயரமானதையா என்றேன். அவர் சிரித்தார். மேற்குப் பக்கம் முளைத்ததை. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற மேல்காற்று அதைத் தூரோடு சேர்த்து அழுத்தும். கிழக்குப் பக்கத்துத் துளிரைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

"அப்ப இந்தக் கம்பு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எது, முள்ளு சாயாம இருக்க நட்டதா? அது வேலிக்கம்பு."

ஒவ்வொரு தூருக்கும் தனி வேலி வாத்தியார் ஏற்பாடாம். காட்டுக்கு மொத்தமாக வேலி போட்டால் ஒரு ஆடு நுழைந்தாலும் எல்லாம் போச்சு. தூருக்குத் தூர் போட்டால் ஆடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பரீட்சை எழுத வேண்டும். வேலிக்கம்புகள் வருடா வருடம் எடுத்து மறுபடி நடுகிறவை.

நான் ஒரு வரப்பில் உட்கார்ந்தேன். போனை எடுத்து ஜெரோமைக் கூப்பிட்டேன். அங்கே நடு ராத்திரி, எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. லூர்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். நேற்று எதைச் சோதித்தேன், என்ன சொன்னேன், நாளைக் காலையில் என்ன வரப்போகிறது என்பதை எல்லாம்.

அவர் கவைக்கம்பைத் தரையில் ஊன்றினார்.

"வேலிக்கம்பு துளுக்கலைன்னு சொல்லிவிட்டீகளாக்கும்," என்றார். "நாலு வருசமாச் செத்த கம்பு அது. துளுத்துருந்தா அற்புதம்னு கோயில்லதான் சொல்லியிருக்கணும்."

அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. திரும்பி நடக்கையில்தான், என்னைப் பார்க்காமல், செவ்வாய்க்காட்டின் தூர் போனால் மற்ற துண்டும் ஒவ்வொன்றாகப் போய்விடும் என்றார். ஒரு வருடத்துக்குக் கம்பும் இலையும் இல்லாமல் எப்படியோ ஓட்டிவிடலாம், காடே இல்லாமல் என்ன செய்வது. ஐம்பதைத் தாண்டிய பிறகு யாருடைய தென்னைக்குத் தண்ணீர் கட்டப் போவது?

அவரோடு திரும்பிப் போய்ப் படங்கள் எடுத்தேன். அவர் முள்ளை நெம்பிப் பிடிக்க, நான் குனிந்து, நான்கு கோணங்களில். சாலை மேட்டிலிருந்து அனுப்பினேன். மாலையில் ஜெரோம் எழுந்ததும் அவனே கூப்பிட்டான்.

"மச்சான், நேத்து எல்லாம் செத்துச்சுன்னீங்க. இன்னிக்கு எல்லாம் துளுத்துருக்குங்கிறீங்க. மத்தியானம் எங்க சாப்பிட்டீங்க?"

லூர்து வீட்டில் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், வழக்கம்போல வேண்டிய நேரத்தில் வரவில்லை.

"என்ன குழம்பு?"

"கருவாடு."

அவன் பெருமூச்சு விட்டான். படத்தையும் பார்த்தானாம். நான்கும் ஒரே தூரை நாலு பக்கமிருந்து எடுத்த மாதிரி இருக்கிறதே என்றான். உண்மைதான். மற்ற வளையங்களில் முள் அதிகம், எனக்கு ஒன்றே போதும் என்று தோன்றியது. ஒரு படத்தில் லூர்துவின் கட்டைவிரல் வேறு தெரிந்தது. நடுநிலையான சாட்சி ஒரே வேளைச் சாப்பாட்டில் விலைபோய்விட்டான் என்று அவன் நினைத்ததில் தப்பே இல்லை. அந்தக் குழம்புக்கு நான் நிஜமாகவே விலைபோயிருப்பேன்.

கடைசியில் ஒன்று சொன்னான். வண்டி வரட்டும். வண்டி வேலையை ஆரம்பிக்குமுன் வீடியோவில் கூப்பிட்டு, ஒரு தூரை இல்லை, மொத்தக் காட்டையும் காட்டுங்கள். காட்டினால் திருப்பி அனுப்பிவிடலாம். இல்லையென்றால் வேலை நடக்கட்டும்.

மூன்றாம் நாள்.

முதல் பேருந்தில் போய்விட்டேன். ஆறரைக்கு வண்டி வந்தது. மஞ்சளாக, தும்பிக்கையை மடக்கிக்கொண்டு, தோப்புச் சாலையின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு. ஓட்டி வந்தவர் செந்தில், ஒட்டன்சத்திரத்துப் பக்கம். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது, நெற்றியில் திருநீறு. பணிவென்றால் அவ்வளவு பணிவு. லூர்து கொடுத்த தேநீரை வாங்கிக்கொண்டு, எங்கேயிருந்து மண்ணைப் பறிக்க ஆரம்பிக்கட்டுங்க என்று அவரையே கேட்டார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரு பத்து நிமிடம் பொறுக்க வேண்டும் என்றேன்.

"ஏனுங்க சார், பொறுக்கறதுல எனக்கொண்ணும் இல்லீங்க. எட்டு மணிக்கு வேடசந்தூர்ல வேற வேலை இருக்குதுங்க. இடத்துக்காரர் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க, திருப்பீருவேன். நீங்க சொன்னா ஆகாதுங்க."

நான் சொன்னால் ஆகாது என்பது எப்படியோ ஒட்டன்சத்திரம் வரை தெரிந்திருக்கிறது.

வீடியோ அழைப்பு சுற்றிக்கொண்டே இருந்தது. வரப்பில் ஏறினேன், சுற்றியது. ஞாயிற்றுக்காட்டு ஓரம் போனேன், நின்றே போனது. சாலை மேட்டுக்கு ஓடினால் சிக்னல் வந்தது, ஜெரோமின் முகமும் வந்தது, ஆனால் அங்கிருந்து தெரிந்ததெல்லாம் முள்ளும் வேலிக்கம்பும்தான். "மச்சான், முதல் நாள் பார்த்ததையே காட்டுறீங்க," என்றான். கிட்டே ஓடினேன், படம் உறைந்துபோனது. மறுபடி மேட்டுக்கு. ஐம்பது வயதுக்கு மேல் இப்படி ஓடுகிறவனை எங்கள் பகுதியில் நாய்கள் மட்டும்தான் துரத்தும். இங்கே லூர்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். செந்தில் மணியைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"சார், மேல போனா டவர் எடுக்குமுங்க. பக்கெட்டுல ஏறிக்கிறீங்களா? போன மாசம் கட்அவுட்டுக்கு மாலை போட ரெண்டு பேரைத் தூக்கியிருக்கேனுங்க."

நான் ஆலோசித்து முடிப்பதற்குள் லூர்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கெட்டில் ஏறி நின்றுவிட்டார். நானும் ஏறினேன். இரும்புப் பல்லைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் செந்தில். பிடித்துக்கொண்டேன், பிலோமினாவை நினைத்துக்கொண்டேன். உயர்ந்தோம்.

மரத்தைப் பிடுங்கச் செய்த யந்திரம் ஒரு மனிதனைத் தூக்கும்போது பயங்கரமான நிதானத்தோடு தூக்குகிறது. முதலில் கழுத்தளவு, அப்புறம் கூரையளவு, பிறகு எதனளவும் இல்லை. லூர்து, "கீழ பாக்காதீக மாப்ள சார்" என்றார். ஆனால் பார்க்கத்தானே ஏறியது. பார்த்தேன்.

தரையில் நின்று பார்த்தபோது முள் மட்டும் தெரிந்த காடு, மேலிருந்து வேறாக இருந்தது. ஒவ்வொரு முள்வளையமும் திறந்த கூடு. ஒவ்வொரு கூட்டின் நடுவிலும் ஒரு பிடிப் பச்சை. வரிசை வரிசையாக, ஒன்றுகூட விடாமல்.

போன் முழுச் சிக்னலைக் காட்டியது. ஜெரோமின் முகம் துலக்கமாக வந்தது; அவனுக்குப் பின்னால் ஒரு ஜன்னல், வெளியே இருட்டு. நான் பேசாமல் போனைத் திருப்பிக் கீழே காட்டினேன். என் சொல்லுக்கு மதிப்பில்லை என்று தெரிந்தபின் பேசாமல் இருப்பதே வாதம்.

மெதுவாகத் திருப்புங்கள் என்றான். திருப்பினேன். செவ்வாய்க்காட்டுக்கு அந்தப் பக்கம் போன வருடம் வெட்டிய திங்கள்காடு, ஆள் உயரத்தில். இந்தப் பக்கம் புதன்காடு, வெட்டுக்குத் தயாராக, வெட்டுகிற துண்டுகளிலேயே உயரம். அங்கிருந்து வியாழன், வெள்ளி, சனி என்று படிக்கட்டு மாதிரி இறங்கிப்போனது. கடைசியில் ஞாயிற்றுக்காடு, அரிவாள் படாத பெரிய மரங்கள், மேலே கொக்குகள்.

"இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது மச்சான்," என்றான் ஜெரோம். "அப்பா கரும்பலகையில போட்டுக் காட்டுவாரு. நான் ஒழுங்கா கவனிச்சதில்ல."

பிறகு, லூர்து அக்காவிடம் கொடுங்கள் என்றான். கொடுத்தேன். அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார், சின்ன எழுத்தைப் படிக்கிறவர் போல.

"அக்கா, புதன்காட்டை எப்ப வெட்டுவீங்க?"

"வாற ஆவணி கடைசியில தம்பி."

"சொல்லுங்க. நான் வந்து நிக்கிறேன். தென்னைக்காரர்ட்ட இன்னிக்கே இல்லைன்னு சொல்லிர்றேன்." ஒரு கணம் விட்டு, "மச்சானை அனுப்ப மாட்டேன்," என்றும் சேர்த்துக்கொண்டான். பக்கத்தில்தான் நிற்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும்.

லூர்து நன்றி எதுவும் சொல்லவில்லை. வரும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வரவேண்டும் என்று மட்டும் சொன்னார். பிறகு செந்திலிடம் பேசச் சொல்லி, ஒலிபெருக்கியைப் போட்டுப் போனைக் கீழே பார்த்து நீட்டினார். ஜெரோம் வேண்டாம் என்று சத்தமாகச் சொன்னான். சரிங்க என்றார் செந்தில், வருத்தமோ மகிழ்ச்சியோ இல்லாமல். வேடசந்தூருக்கு நேரமாகிவிட்டது என்றும் நினைவூட்டினார்.

எனக்கு அப்போதே இறங்க வேண்டும் போலிருந்தது. இறக்குங்கள் என்று கீழே பார்த்துச் சொல்லப்போனேன். லூர்து கையைக் காட்டித் தடுத்தார்.

"செத்த நேரம் இருப்பா," என்றார் செந்திலிடம்.

தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, புதன்காட்டிலிருந்து சனிக்காடு வரைக்கும், பிறகு திரும்ப, ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவரும் இதை மேலிருந்து பார்த்ததில்லை.

"பரவால்ல," என்றார், யாரிடமும் இல்லாமல். "நல்லாத்தான் வச்சிருக்கேன்."